தூற்றினார் என்று எப்போது எழுதலாம்?

‘எதிர்க்கட்சித் தலைவர் பட்ஜெட்டைத் தூற்றினார்’ என்றொரு தலைப்பைப் படித்துவிட்டு, தூற்றுதல் என்றால் கடுமையாக விமர்சிப்பதுதானே, அப்படியானால் இகழ்தல், பழித்தல், சாடுதல் எல்லாம் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே இரண்டு துணைக்கேள்விகள்: ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்கிற பழமொழி யாரைத் தூற்றச் சொல்கிறது? ஒருவர் தூற்றினார் என்று எழுதினால் அவர் அவதூறுக் குற்றம் செய்தார் என்று சொன்னதாகிவிடுமா? அகராதியில் பொருள் பார்க்க உங்களுக்குத் தெரியும். ஆகவே, ஒருவரைக் கடுமையாகப் பேசியதைச் சொல்ல இத்தனை வினைச்சொற்கள் இருக்கும்போது எதை எங்கே போடுவது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். தூற்றுதலில் பரப்புதல்தான் முதல், கடுமை அதற்கு அடுத்துத்தான். நீங்கள் காட்டும் தலைப்பில் அந்தச் சொல் பொருந்தவில்லை.

பழமொழியிலிருந்து தொடங்குவது வசதி. அது யாரையும் ஏசச் சொல்லவில்லை, நெல்லைத் தூற்றச் சொல்கிறது. அடித்துக் குவித்த நெல்லில் மணியோடு பதரும் தூசும் வைக்கோல் துணுக்கும் கலந்து கிடக்கும். அதை முறத்தில் அள்ளி உயரத் தூக்கி, வீசும் காற்றில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்துவிட வேண்டும். கனமான மணி நேராகக் காலடியில் விழும், பதர் தள்ளிப் போய் விழும், தூசு அதையும் தாண்டிப் போகும். காற்று நின்றுவிட்டால் எல்லாம் ஒரே இடத்தில் கொட்டும், பிரியாது. அதனால்தான் காற்று இருக்கும்போதே வேலையை முடித்துக்கொள் என்கிறார்கள். அந்தச் சொல்லில் இருக்கும் ‘கொள்’ என்ற துணைவினை, தன் நன்மைக்காகச் செய்வதைக் காட்டுகிறது. ஏசும் பொருளில் வரும் தூற்றுதலோடு இந்தக் ‘கொள்’ சேராது. ‘அவரைத் தூற்றிக்கொண்டே இருந்தான்’ என்று தொடர்ச்சியைக் காட்ட வரலாமே தவிர, ‘நெல்லைத் தூற்றிக்கொண்டான்’ என்பதைப்போல ‘அவரைத் தூற்றிக்கொண்டான்’ என்று நிற்காது.

சொல்லின் அமைப்பும் இதையே சொல்கிறது. மாறு–மாற்று, ஏறு–ஏற்று, தேறு–தேற்று என்று தன்வினை பிறவினையாகும் வரிசையில்தான் தூறு–தூற்று வருகிறது. தூறுதல் என்றால் சிறு துளிகளாகச் சிதறி விழுதல். மழை தூறுகிறது என்கிறோமே, அது. தூற்றுதல் என்றால் அப்படிச் சிதறி விழச் செய்தல். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன், பதர் நீங்கத் தூற்றுவதையும் பழி பரப்புவதையும் ஒரே தலைச்சொல்லின் கீழ்தான் தருகிறது. ஒலி தற்செயலாக ஒத்துப்போன இரண்டு சொற்கள் இவை என்று நினைக்க இடமில்லை. நடுவில் நிற்பது புழுதி. புழுதி வாரித் தூற்றுவது, மண்ணை வாரித் தூற்றுவது என்ற வழக்குகளில் தானியத்தின் இடத்தில் மண் வந்துவிடுகிறது. அள்ளிக் காற்றில் விடும் கை அப்படியே இருக்கிறது. ஒரு சின்ன எச்சரிக்கை: ‘வயிறெரிந்து மண்ணை வாரித் தூற்றினாள்’ என்றால் அது சாபம். அதைக் குறை சொன்னாள் என்று படித்துவிடக் கூடாது.

இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள மிகவும் உதவுவது திருக்குறளின் புறங்கூறாமை அதிகாரத்தில் உள்ள 188ஆம் குறள்: ‘துன்னியார் குற்றமும் தூற்றும் மரபினார் என்னைகொல் ஏதிலார் மாட்டு’. நெருங்கிப் பழகியவர்களின் குற்றத்தையே ஊருக்குப் பரப்புகிற இயல்புள்ளவர்கள், தொடர்பில்லாத அயலாரிடத்தில் என்னதான் செய்ய மாட்டார்கள் என்பது கருத்து. இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, இங்கே தூற்றப்படுவது ‘துன்னியார்’ இல்லை, ‘துன்னியார் குற்றம்’. களத்தில் நெல்லைத் தூற்றுகிறோம், தெருவில் புழுதியைத் தூற்றுகிறார்கள், இந்தக் குறளில் குற்றத்தைத் தூற்றுகிறார்கள். அள்ளி விடப்படும் பொருள்தான் செயப்படுபொருளாக வருகிறது. அலர் தூற்றுதல், பழி தூற்றுதல் என்ற தொடர்களும் இதே அமைப்புதான். இன்று நாம் ‘அவரைத் தூற்றினார்’ என்று ஆளையே செயப்படுபொருளாக்குகிறோம். அது பிழையில்லை, நன்றாக ஊன்றிவிட்ட வழக்கு. ஆனால் ‘அவர்மீது பழி தூற்றினார்’ என்று எழுதிப் பாருங்கள், சொல்லின் பழைய உருவம் உடனே தெரியும்.

இரண்டாவது விஷயம் பலரும் கவனிக்காதது. குறள் ‘பொய்’ என்று சொல்லவில்லை, ‘குற்றம்’ என்கிறது. நண்பரிடம் உண்மையிலேயே அந்தக் குற்றம் இருந்திருக்கலாம். அப்படியிருந்தும் அதை வெளியே கொண்டுபோய் இறைப்பது தூற்றுதல்தான். ஆகவே, ‘நான் சொன்னது உண்மை, எனவே நான் தூற்றவில்லை’ என்கிற வாதம் மொழியளவில் எடுபடாது. பொய்யாகத் தூற்றுவதும் உண்டு, மெய்யைத் தூற்றுவதும் உண்டு. பொய் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ‘அபாண்டமாக’ என்றோ ‘பொய்ப்பழி சுமத்தினார்’ என்றோ தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பரப்புதல் இந்தச் சொல்லுக்குள் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதைச் சில வாக்கியங்களை எழுதிப் பார்த்தே உறுதி செய்துகொள்ளலாம். ‘மனதுக்குள் திட்டினான்’ இயல்பாக இருக்கிறது, ‘மனதுக்குள் இகழ்ந்தான்’ என்பதும் நிற்கிறது, ‘மனதுக்குள் தூற்றினான்’ என்பது தடுக்குகிறது. ‘தனியாக அழைத்துக் கடிந்துகொண்டார்’ சரி, ‘தனியாக அழைத்துத் தூற்றினார்’ ஒட்டவில்லை. கேட்க ஆள் வேண்டும், ஒருவருக்கு மேல் இருந்தால் நல்லது. ‘தூற்றித் திரிகிறான்’, ‘ஊரெல்லாம் தூற்றினான்’ என்பவை சரளமாக வருவதற்கும் இதுவே காரணம். திரிதலும் ஊரும் அந்தச் சொல்லுக்குள்ளேயே பாதி இருக்கின்றன. எதிர்ச்சொல்லைப் பார்த்தாலும் இதுதான். போற்றுவார் போற்றட்டும், தூற்றுவார் தூற்றட்டும் என்று மேடையில் சொல்கிறார்கள். போற்றுதலும் வாய்விட்டுப் பலர் அறியச் செய்வது. உள்ளுக்குள் ஒருவரை மெச்சலாம், மதிக்கலாம், வியக்கலாம், உள்ளுக்குள் ‘போற்றி! போற்றி!’ என்று முழங்குவது கடினம்.

இன்னொரு சோதனையும் உண்டு. தூற்றப்படுவதற்கு இழக்கக்கூடிய பெயர் ஒன்று இருக்க வேண்டும். ஆளைத் தூற்றலாம், குடும்பத்தைத் தூற்றலாம், ஒரு மொழியையோ மதத்தையோ ஆட்சியையோ தூற்றலாம். அவற்றுக்குப் பின்னால் மானம் உள்ள மனிதர்கள் இருக்கிறார்கள். ஒரு நாற்காலியைத் தூற்ற முடியாது. ‘மருமகள் வைத்த குழம்பைத் தூற்றினாள்’ என்று யாரும் எழுத மாட்டார்கள். ‘குழம்பைக் குறை சொன்னாள்’ என்பார்கள், கூடவே மருமகளைத் தூற்றினாள் என்றால் ஒப்புக்கொள்வார்கள். பட்ஜெட்டும் குழம்பு மாதிரிதான். அதில் ஒதுக்கீடு போதாது, கணக்கு தப்பு, வெற்று அறிவிப்பு என்று எவ்வளவு காரமாகச் சொன்னாலும் அது செயலைப் பற்றிய பேச்சு. அதே தலைவர் நிதியமைச்சரின் நேர்மையைப் பற்றி ஆதாரம் எதுவும் காட்டாமல் மேடைக்கு மேடை இழித்துப் பேசியிருந்தால், அப்போது ‘நிதியமைச்சரைத் தூற்றினார்’ என்று எழுத ஒரு நியாயம் இருந்திருக்கும்.

இனி மற்ற சொற்கள். இவற்றில் இகழ்தல்தான் நின்று பார்க்கத் தக்கது. இகழ்வது மதிப்பைக் குறைத்துக் காண்பது. பேச்சு பிறகு வரலாம், வராமலும் போகலாம். கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டில் (192) ‘பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’ என்று வருகிறதே, அங்கே வியத்தலுக்கு எதிராக இகழ்தல் நிற்பதைப் பாருங்கள். இரண்டும் மனநிலைகள். ஒரு பார்வையாலேயே இகழலாம், பதில் சொல்லாமல் விட்டும் இகழலாம். அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் ஒன்றும் உண்டு: பொருட்படுத்தாமல் விடுதல், மறந்திருத்தல். ‘புகழ்ந்தவை போற்றிச் செயல்வேண்டும் செய்யாது இகழ்ந்தார்க்கு எழுமையும் இல்’ என்ற குறளில் (538) இகழ்ந்தார் என்றால் திட்டியவர்கள் இல்லை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் சோர்ந்து மறந்தவர்கள். அந்த அதிகாரத்தின் பெயரே பொச்சாவாமை, அதாவது மறவாமை. அடுத்த குறளில் வரும் ‘இகழ்ச்சியின் கெட்டாரை’ என்பதும் அப்படித்தான். பழைய பாட்டில் இகழ் என்று கண்டவுடனே ஏச்சு என்று உரை சொல்லிவிடுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. இந்தப் பழம்பொருள் தெரிந்தால் இன்றைய பொருளும் துலங்கும்: ஒருவரை ஒரு பொருட்டாகவே கொள்ளாமல் விடுவதுதான் இகழ்ச்சியின் அடி.

எள்ளுதலில் சிரிப்பு இருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்குச் சொல்லும் நான்கு காரணங்களில் முதலாவதே எள்ளல்தான். ‘உருவுகண்டு எள்ளாமை வேண்டும்’ என்ற குறளிலும் (667) ஆளின் தோற்றத்தைப் பார்த்துச் சிரிப்பதைத்தான் தடுக்கிறார். இன்றைய ‘கலாய்க்கிறது’, ‘ஓட்டுறது’ எல்லாம் இதன் பேரப்பிள்ளைகள். பழித்தலில் குற்றச்சாட்டு இருக்கிறது. பழி என்ற பெயர்ச்சொல்லைச் சுமத்தலாம், போடலாம், ஏற்கலாம், தீர்க்கலாம், வாங்கவும் செய்யலாம். இத்தனை வினைகளோடு சேருவதே அது ஒரு சுமைபோல ஆளிடமிருந்து ஆளுக்கு மாறுவது என்பதைக் காட்டுகிறது. ‘பழிப்புக் காட்டுதல்’ மட்டும் தனி. குழந்தைகள் முகத்தைக் கோணிக்கொண்டு செய்வது அது, அதில் குற்றச்சாட்டு எதுவும் கிடையாது.

முன்னால் பேசுவதா, பின்னால் பேசுவதா என்பது அடுத்த பிரிவினை. தமிழ் இதில் ரொம்பக் கறாரானது. ஏசுதல், வைதல், திட்டுதல் மூன்றும் பெரும்பாலும் நேரில் நடப்பவை. புறங்கூறுதல் ஆள் இல்லாதபோதுதான் நடக்கும், பெயரிலேயே ‘புறம்’ இருக்கிறது. ‘கண்ணின்று கண்ணறச் சொல்லினும் சொல்லற்க முன்னின்று பின்நோக்காச் சொல்’ என்று 184ஆம் குறள் இவ்விரண்டையும் எடைபோட்டு, நேரில் நின்று கண்ணோட்டமே இல்லாமல் பேசினாலும் பேசலாம், ஆள் இல்லாதபோது பின்விளைவை எண்ணாமல் பேசக் கூடாது என்று தீர்ப்புச் சொல்கிறது. தூற்றுதல் இந்த இரண்டுக்கும் பொது. ஆள் எதிரே இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூட்டம் இருந்தால் போதும். புறங்கூறுவது இரண்டு பேருக்கு நடுவில் குசுகுசுவென்று முடிந்துவிடலாம், தூற்றுதல் அப்படி முடியாது. அகப்பாட்டு மரபு இதற்குத் தனித்தனிப் பெயரே வைத்திருக்கிறது. காதலர் உறவு வெளிப்படுமுன் வாய்க்குள்ளேயே முகிழ்க்கிற பேச்சு அம்பல்; இன்னாளுக்கும் இன்னானுக்கும் என்று பெயர் விளங்க ஊர் பேசத் தொடங்கினால் அலர். மொட்டுக்கும் மலருக்கும் உள்ள வேறுபாடு. தூற்றுதல் அலரோடுதான் சேரும், ‘அலர் தூற்றுதல்’ என்பது நிலைத்த தொடர்.

இதற்கு நேர் எதிர்முனையில் இடித்துரைத்தல் இருக்கிறது. வெளித்தோற்றத்தில் கடுமை அதிலும் உண்டு. ‘நகுதற் பொருட்டன்று நட்டல் மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு’ (784). நண்பன் எல்லை மீறும்போது தானே முன்சென்று இடிக்க வேண்டும். கேட்பவரின் நன்மைக்காகச் சொல்வது, அவரிடமே சொல்வது, திருந்த வழிவிட்டுச் சொல்வது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் இடித்துரை. அதே வார்த்தைகளை அவர் இல்லாத கூட்டத்தில் சொன்னால் முதல் நிபந்தனையும் இரண்டாம் நிபந்தனையும் சேர்ந்து விழுந்துவிடுகின்றன. ‘நல்லதுக்குத்தான் சொன்னேன்’ என்பவர் எங்கே, யாரிடம் சொன்னார் என்று கேட்டாலே பாதி விளங்கிவிடும்.

செய்தி மொழியில் புழங்கும் மூன்று சொற்களை விரைவாகப் பார்த்துவிடலாம். சாடுதல் முன்பு உடல்வழிப்பட்ட வினை: மோதுதல், அடித்தல், உதைத்தல். குமரி வட்டாரப் பேச்சில் இன்னும் ‘சாடு’ என்றால் குதி என்று பொருள், மலையாளத்திலும் அப்படியே. ஆகவே ‘சாடினார்’ என்பதில் பாய்ந்து தாக்கும் வேகம் இருக்கிறது. காரணமில்லாத பழி என்ற குறிப்பு கிடையாது. நியாயமான கோபத்தோடும் சாடலாம். கண்டித்தல் ஒரு நிலையிலிருந்து வருவது. பெற்றோர் பிள்ளையைக் கண்டிக்கலாம், சங்கம் அரசைக் கண்டித்துத் தீர்மானம் போடலாம். வழியில் போகிற யாரோ ஒருவர் உங்களைக் ‘கண்டித்தார்’ என்றால், அவருக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றும். விமர்சித்தல் நிறைகுறை இரண்டையும் ஆய்ந்து சொல்லும் சொல்லாகத்தான் வந்தது. ‘என்னை ரொம்ப விமர்சனம் பண்றாங்க’ என்று அன்றாடப் பேச்சில் குறை சொல்வதாகவே அது குறுகிவிட்டதால், ஆய்வுப் பொருளுக்குத் திறனாய்வு என்ற சொல்லை நாடுவது நல்லது. பேச்சில் இவை எல்லாவற்றுக்கும் பதிலாகக் ‘கழுவி ஊத்திட்டாங்க’ வந்து நிற்கிறது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆளையும் கழுவி ஊற்றலாம், படத்தையும் கழுவி ஊற்றலாம். தூற்றுதல் நுழைய முடியாத இடத்தில் இது நுழைகிறது.

கடுஞ்சொல்லைக் கலையாகச் செய்வதற்கும் நம் இலக்கணத்தில் இடம் உண்டு என்பதை இடையே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தூற்றுதலையும் வசையையும் பலர் போட்டுக் குழப்புகிறார்கள். தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தை, அதாவது இழித்துரைக்கும் செய்யுளை, இரண்டாகப் பிரிக்கிறது: வெளிப்படையாக இழித்தால் அது வசை, மொழியை மறைத்துச் சொன்னால் அது பழிகரப்பு. ‘வசைபாடக் காளமேகம்’ என்று ஒரு புலவருக்குப் பட்டமாகவே இது நின்றது. வசையைப் பாடலாம், இயற்றலாம். அதற்குச் சொல்திறன் வேண்டும். தூற்றுவதற்கு அது தேவையில்லை, வாய் இருந்தால் போதும்.

சட்டக் கேள்விக்கு வருகிறேன். தூற்றுதல் சட்டச் சொல் இல்லை. தமிழில் சட்டம் பயன்படுத்துவது அவதூறு. இந்தியாவில் 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இருக்கிறது. ஒருவருடைய நற்பெயருக்குக் கேடு வரும் என்று தெரிந்தோ, கேடு செய்ய எண்ணியோ ஒரு குற்றச்சாட்டைச் சொல்வதும் வெளியிடுவதும் அதன் உள்ளடக்கம். தண்டனை இரண்டாண்டு வரை வெறுங்காவல் (கடும் உழைப்பு இல்லாத சிறை), அபராதம், இரண்டும், அல்லது சமூக சேவை. சொன்னது மூன்றாம் ஆளை எட்டியிருக்க வேண்டும். இருவருக்குள் மட்டும் நடந்த ஏச்சு இதில் வராது. அமைதியைக் குலைக்கத் தூண்டும் நோக்கத்தோடு நேரில் இழிவுபடுத்துவதற்குத் தனியாக 352ஆம் பிரிவு உண்டு. ஏசுவதும் தூற்றுவதும் வேறு வேறு என்ற மொழிப் பிரிவினை, ஏறக்குறைய அப்படியே சட்டத்திலும் இருப்பது எனக்குப் பிடித்த ஒற்றுமை.

குறள் சொன்ன ‘மெய்க் குற்றமும் தூற்றுதலே’ என்பதற்கும் இங்கே இணை இருக்கிறது. இந்தியக் குற்றவியல் சட்டத்தில் சொன்னது உண்மை என்று நிறுவினால் மட்டும் தப்ப முடியாது. அதைச் சொன்னது பொதுநன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். இழப்பீடு கேட்கும் உரிமையியல் வழக்கில் உண்மை என்பதே தற்காப்பாக நிற்கும். மொத்தம் பத்து விதிவிலக்குகள். அவற்றில் ஆறாவதற்குச் சட்டமே தரும் எடுத்துக்காட்டு உங்கள் பட்ஜெட் கேள்விக்கு மிக நெருக்கமானது. ஒருவர் வெளியிட்ட நூலைப் பற்றி, ‘நூல் அறிவற்றது, எழுதியவர் மனவலிமை இல்லாதவராகத்தான் இருக்க வேண்டும்’ என்று நல்லெண்ணத்தோடு சொன்னால் விதிவிலக்கு உண்டு. ஆளைப் பற்றிய கருத்து அந்த நூலில் தெரிகிற அளவோடு நிற்கிறது. ‘அந்த நூல் அறிவற்றதாக இருப்பதில் எனக்கு வியப்பில்லை, ஏனென்றால் எழுதியவர் மனவலிமை அற்றவர், ஒழுக்கம் கெட்டவர்’ என்றால் விதிவிலக்கு கிடையாது. இரண்டிலும் வார்த்தைகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலாவதில் பேச்சு நூலிலிருந்து ஆளுக்குப் போகிறது, இரண்டாவதில் ஆளிலிருந்து நூலுக்கு வருகிறது. விமர்சித்தார் என்றும் தூற்றினார் என்றும் பிரிக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைத்ததில்லை. இலங்கையில் அவதூறைக் குற்றமாகக் கொள்ளும் சட்டப்பிரிவுகள் 2002இல் நீக்கப்பட்டுவிட்டன, அங்கே உரிமையியல் வழக்குதான். இதற்குமேல் ஒரு குறிப்பிட்ட பேச்சு குற்றமா இல்லையா என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும், சொல்லாராய்ச்சி அந்த அளவுக்கு நீளாது. அதேபோல, அவதூறு என்ற சொல்லுக்குள் தூற்றுவின் ‘தூறு’ இருக்கிறது என்று சிலர் பிரித்துக் காட்டுவதையும் நம்பிவிட வேண்டாம். ஒலி ஒத்திருக்கிறது என்பது மட்டும் உறுதி, பிறப்பு ஐயத்துக்குரியது. அதை வைத்துப் பொருள் கட்டக் கூடாது.

எழுதுபவர்கள் மறந்துவிடும் ஒன்று: ‘தூற்றினார்’ என்று நீங்கள் எழுதும்போது, பேசியவரைப் பற்றி நீங்களே ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடுகிறீர்கள். ‘கூறினார்’ என்பதில் அது இல்லை. ‘விமர்சித்தார்’ என்பதில் மிகக் குறைவு. ‘சாடினார்’ என்பதில் தொனி மட்டும் இருக்கிறது. ‘தூற்றினார்’ என்பதில், பேசியவர் நியாயமில்லாமல், பெயரைக் கெடுக்கும் நோக்கத்தோடு பேசினார் என்ற முடிவே இருக்கிறது. தலையங்கத்தில் அதைப் போடலாம், அது உங்கள் கருத்து. செய்தியில் போடுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: பேச்சு செயலைப் பற்றியதா ஆளைப் பற்றியதா, பலர் முன்னிலையிலா, காரணம் ஏதும் காட்டினாரா. ஆளைப் பற்றி, பலர் அறிய, காரணம் காட்டாமல் என்று மூன்றும் சேர்ந்தால் அந்தச் சொல் தாங்கும். ஒன்று குறைந்தாலும் வேறு சொல் தேடுங்கள். புகார் மனு எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ‘என்னைத் தூற்றினார்’ என்று பத்து முறை எழுதுவதால் எதுவும் நடக்காது. எந்தத் தேதியில், எந்த இடத்தில், யார் யார் கேட்க, என்ன சொற்களைச் சொன்னார் என்று அப்படியே எழுதினால்தான் படிப்பவர் முடிவுக்கு வர முடியும். கெட்ட வார்த்தை என்பதற்காக ‘தகாத வார்த்தைகளால்’ என்று மூடி எழுதிவிட்டால், எது தகாதது என்பதே விசாரிப்பவருக்குத் தெரியாமல் போய்விடும்.

எழுத்தில் வரும் சிறு தடுமாற்றங்களையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வேற்றுமை உருபு விரிந்து வந்தால் ஒற்று மிகும்: ‘அவரைத் தூற்றினார்’, ‘ஆட்சியைத் தூற்றினார்’. உருபு இல்லாத ‘பழி தூற்றினார்’, ‘அலர் தூற்றினார்’ ஆகியவற்றில் ஒற்று வேண்டாம். பெயராக்கும்போது ‘தூற்றல்’ என்பதைவிட ‘தூற்றுதல்’ பாதுகாப்பானது, ஏனென்றால் தூற்றல் என்றால் பல ஊர்களில் மழைத் தூறல்தான் முதலில் நினைவுக்கு வரும். பேச்சில் ‘தூத்துறான்’ என்று ஆகும். உரையாடலில் அப்படியே எழுதலாம். கணினியில் தூ எழுத்தைத் ‘து’வோடு துணைக்கால் சேர்த்துத் ‘துா’ என்று அடிக்கிற பழக்கம் பரவலாக இருக்கிறது. பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரிந்தாலும் தேடலில் கிடைக்காது.

நீங்கள் காட்டிய தலைப்பை நான் திருத்துவதானால், ‘பட்ஜெட்: எதிர்க்கட்சித் தலைவர் கடும் விமர்சனம்’ என்று போடுவேன். இடம் இருந்தால் அவர் சொன்ன மிகக் காரமான நான்கு வார்த்தைகளை மேற்கோள் குறிக்குள் அப்படியே வைத்து, வினைச்சொல்லாக ‘என்றார்’ ஒன்றை மட்டும் போடுவேன்.